எட்டு சுவரா, ஆறு ஜோடியா? பரங்கிப்பேட்டை சேத்துல கெடச்ச அனிமோன் பத்தி ஒரு சந்தேகம்

காட்பாடி_நத்தை:

எல்லாருக்கும் வணக்கம். வேலூர்ல எம்.எஸ்சி ஜூவாலஜி ரெண்டாவது வருஷம் படிக்கிறேன், வீடு காட்பாடி. நம்ம ஊருக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்ல, பாலாத்துல தண்ணி வந்தாலே பாலத்து மேல நின்னு வேடிக்க பாக்குற ஜனங்க நாங்க, அதனால கடல் பிராணின்னாலே எனக்கு ஞாபகம் வர்றது லேப் அலமாரில ஃபார்மலின் பாட்டிலுக்குள்ள வெளுத்துப்போய் சுருங்கிக் கெடக்குறதுங்கதான்.

பிப்ரவரில டிபார்ட்மென்ட்ல பரங்கிப்பேட்டைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வெள்ளாறு கடல்ல சேர்ற எடம். தண்ணி வத்துன நேரமா பாத்து சேத்துல எறங்கி மம்மட்டில கொத்தி எடுத்து சல்லடைல போட்டு அலசுனோம். புழு நெறைய வந்துச்சு, பெரும்பாலும் பாலிகீட், கண்டம் கண்டமா ஓரத்துல முடியோட இருக்குற கடல் புழு. ஒண்ணு மட்டும் வேற மாதிரி. 4 சென்டிமீட்டர் நீளம் இருக்கும், ஊதுவத்தி கனம், நடு உடம்பு பழுப்பா சேறு ஒட்டி சொரசொரன்னு, ஒரு முனை மட்டும் வழவழன்னு உள்ள இருக்கறது தெரியற மாதிரி உப்பிக்கிட்டு. கண்டம் கண்டமா பிரியவும் இல்ல, ஓரத்துல முடியும் இல்ல. கூட இருந்தவங்க ஏதோ புழுதான் விடுன்னாங்க, எனக்கு மனசு வரல, ஒரு டிபன் டப்பால கடல் தண்ணியும் கொஞ்சம் மணலும் போட்டு அதுல விட்டுட்டேன். அரை மணி நேரம் கழிச்சு பாத்தா அந்த வழவழப்பான முனை மணலுக்குள்ள எறங்கிடுச்சு, மேல இருக்குற முனை விரிஞ்சு நூல் நூலா கைங்க வெளிய வந்துச்சு. எண்ணுனேன், 16. பஸ்ஸுக்கு ஹாரன் அடிக்கிற வரைக்கும் அந்த டப்பாவ விட்டு நகரல நானு.

திரும்ப தேடுனதுல இன்னும் ரெண்டு கெடச்சுது. மூணையும் ஃபார்மலின்ல போட்டு ஊருக்கு எடுத்துட்டு வந்து ஒண்ண பாரஃபின்ல உக்கார வெச்சு மைக்ரோடோம்ல குறுக்கு வெட்டு எடுத்தேன், உடம்போட நடுவுல. உள்ள 8 சுவர் இருக்கு. நாலு ஸ்லைடுல எண்ணிட்டேன், எல்லாத்துலயும் 8 தான். புக்குல கடல் அனிமோன்னா, பூ மாதிரி கை விரிக்கிற பிராணி அது, மீசென்டரி, அதாவது இந்த உள் சுவர், 6 ஜோடி, அதுக்கப்புறம் அதோட மடங்குன்னு போட்டிருக்கு. நான் பாத்தத அப்படியே ரெக்கார்டுல வரஞ்சேன், செவப்பு இங்க்ல அடிச்சு "பார்த்து வரையவும்"னு எழுதிட்டாங்க. மார்க் போனது கூட பரவால்ல, பாக்காம வரஞ்சிட்டேன்னு நெனச்சிட்டாங்களேன்னுதான் மனசு ஆறல.

இது அனிமோனே இல்லையா? இருந்தா எந்த குடும்பத்துல வரும்? பழைய புக்குல அத்தினேரியான்னு ஒரு பிரிவு இருக்கு, நெட்ல தேடுனா அந்த பேரே இப்ப இல்லைன்னு வருது. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சத்துவாச்சாரி88:

8 சுவர்னா அது ஆக்டோகொரேலியா மா, சந்தேகமே வேணாம். அனிமோன், பவளம் எல்லாம் சேர்ற ஆந்தோசோவால ரெண்டே பெரிய பிரிவுதான், ஹெக்சாகொரேலியா 6 கணக்கு, ஆக்டோகொரேலியா 8 கணக்கு. கடல் பேனான்னு ஒண்ணு இருக்கு, சேத்துல சொருகிக்கிட்டு நிக்கும், அதோட குட்டியா இருக்கும். அனிமோன்னு எழுதுனதாலதான் மார்க் கொறச்சிருப்பாங்க.

ஆற்காடு_டு_கடல்:

சார் சொன்னது இல்ல சிஸ்டர், ஆனா 8ன்னு பாத்த ஒடனே எல்லாருக்கும் அங்கதான் புத்தி போகும், நானும் முதல் வருஷம் அப்படித்தான் நெனச்சேன். சொந்த ஊர் ஆற்காடு, இப்ப கடலோரத்துல இந்த மாதிரி சேத்துக்குள்ள வாழுற அனிமோன்ல பி.எச்டி பண்ணிக்கிட்டு இருக்கேன், அதனால உங்க போஸ்ட பாத்ததும் சாப்பாட்டத் தள்ளி வெச்சிட்டு டைப் பண்றேன், நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

முதல்ல ஆக்டோகொரேலியா ஏன் இல்ல. அதுல கை 8தான் இருக்கும், ஒவ்வொரு கையும் ரெண்டு பக்கமும் சின்ன சின்ன கிளை வெச்சு இறகு மாதிரி இருக்கும். நீங்க பாத்தது 16, நூல் மாதிரி. அங்கயே முடிஞ்சுது. அதுவும் இல்லாம கடல் பேனா ஒரு தனி ஆள் இல்ல, பாலிப்னு சொல்ற குட்டி உடம்புங்க நூத்துக்கணக்குல சேந்த கூட்டம், உங்க டப்பால இருந்தது ஒத்த ஆளு.

செரியாந்தஸும் இல்லைன்னு நெனைக்கிறேன். அது குழாய் அனிமோன், தனியா ஒரு வகை, நிஜ அனிமோன் வரிசைல சேராது. அதுக்கு கை ரெண்டு அடுக்கு, ஓரத்துல நீளமா ஒண்ணு, வாயச் சுத்தி குட்டையா ஒண்ணு. கொட்டுற செல்லுல ஒரு வகைய வெளிய எறிஞ்சு எறிஞ்சு அந்த நூலாலயே தனக்கு ஒரு ஒறை பின்னிக்கும். நீங்க ஒறை எதுவும் சொல்லல.

நீங்க சொன்ன மூணு அடையாளம், அடில வழவழன்னு உப்புன முனை, நடுவுல சேறு ஒட்டுன சொரசொரப்பு, உள்ள பெருசா 8 மீசென்டரி, இது மூணும் சேந்தா எட்வர்ட்சியிடே குடும்பம். எட்வர்ட்சியா ஜீனஸ்னு நெனைக்கத் தோணுது, உறுதி பண்ண இன்னும் கொஞ்சம் பாக்கணும். அந்த உப்புன முனைக்கு ஃபைசான்னு பேரு. பாறைல ஒட்டுற அனிமோனுக்கு அடில தட்டு மாதிரி பாதம் இருக்குமே, அது இதுக்குக் கெடையாது, பதிலுக்கு இந்த பலூன். இத உப்ப வெச்சு சேத்துல பிடிமானம் போட்டுக்கிட்டு உடம்ப சுருக்கி சுருக்கி கீழ எறங்கும். நடு உடம்பு ஸ்கேப்பஸ். அதுக்கு மேல கழுத்து மாதிரி ஸ்கேப்புலஸ், அதுல அழுக்கு ஒட்டாது. ஆபத்துன்னா மேல் பாகம் மொத்தமும் ஸ்கேப்பஸுக்குள்ள இழுத்துக்கும், அதனாலதான் சல்லடைல ரெண்டு பக்கமும் மூடுன புழு மாதிரி தெரிஞ்சிருக்கும்.

இப்ப முக்கியமான விஷயம், உங்க 8. நீங்க வரஞ்சது சரி. புக்குல இருக்குற 6 ஜோடியும் சரி. நடு உடம்புல வெட்டுனேன்னு சொன்னீங்க பாருங்க, அதுலதான் இருக்குது விஷயம். இந்த குடும்பத்துல மீசென்டரி ரெண்டு அளவுல இருக்கும். பெருசு 8, மேல இருந்து கீழ் வரைக்கும் ஓடும், தசையும் இனப்பெருக்க உறுப்பும் அதுலதான். சின்னது கொறஞ்சது 4, அது கைங்களுக்கு நேர் கீழ கொஞ்ச தூரம் மட்டும் வந்து நின்னுடும். உடம்போட நடுவுல வெட்டுனா சின்னது எப்படித் தெரியும், அது அங்க இல்லவே இல்லையே. 8 பெருசு, அதுங்களோட ஜோடியா நிக்கிற 4 சின்னது, கூட்டுங்க, 12. அதாவது 6 ஜோடி.

மீதி ரெண்டுல ஒண்ண எடுத்து, கை மொளைக்கிற எடத்துக்கு ஒட்டுனாப்ல கீழ, அங்க இருந்து வெட்டிக்கிட்டே வாங்க. ரிப்பனா வர்ற ஒரு ஸ்லைஸையும் விட்டுடாதீங்க. ரெண்டு கைக்கு நடுவுல ஒரு சுவர் இருந்தாகணும்ங்கறதால கை எத்தினியோ சுவரும் அத்தினி. உங்களுது 16னா சுவரும் 16 வரணும், 8 பெருசு, 8 சின்னது. அந்த 8 சின்னதுல 4 பெருசுங்களோட ஜோடி, மிச்சம் 4 அப்புறமா சேந்தது.

காட்பாடி_நத்தை:

அண்ணா ரொம்ப ரொம்ப தேங்க்ஸ். படிச்சிட்டு கண்ணு கலங்கிடுச்சு எனக்கு. நடு உடம்புல வெட்டுனா சின்னது தெரியாதுன்னு யாருமே சொல்லித் தரல, நானும் நடுவுலதான் அமைப்பு தெளிவா இருக்கும்னு நெனச்சேன்.

ஒரு டவுட். என் ஸ்லைடுல சுவர் எல்லாம் நடுவுல எதோடயும் சேரல, வெட்டவெளில தொங்குற மாதிரி இருக்கு, நுனில சுருள் சுருளா கெட்டியா ஒரு ஓரம். சுவரோட ஒரு பக்கத்துல மட்டும் மரத்துக்கு கிளை விட்ட மாதிரி நெறைய மடிப்பு. இந்த மடிப்பு எல்லா சுவருலயும் ஒரே பக்கம் பாக்கல, கொஞ்சம் இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம்னு இருக்கு. இது நான் வெட்டுனதுல கோளாறா?

குடியாத்தம்_வாத்தியார்:

கோளாறு இல்ல கண்ணு. அந்த மடிப்பு எந்தப் பக்கம் பாக்குதுங்கறதுதான் அனிமோனோட ஜாதகமே.

31 வருஷம் விலங்கியல் சொல்லிக் குடுத்துட்டு ரிட்டயர் ஆனவன் நான். பிள்ளைங்களுக்கு இத எப்படி சொல்லிக் குடுத்தேனோ அப்படியே சொல்றேன். ஒரு சாத்துக்குடிய குறுக்கால வெட்டு. தோலுல இருந்து நடு வரைக்கும் சுவர் சுவரா போய் அறை அறையா பிரிக்குதில்ல, அனிமோன் உடம்பு அந்த மாதிரி. நடுவுல சக்கைக்குப் பதிலா தொண்டைக்குழாய். தோலுல இருந்து கெளம்பி தொண்டைய தொடுற சுவர முழு மீசென்டரின்னும் பாதில நிக்கிறத அரை மீசென்டரின்னும் சொல்லுவோம். தொண்டை கொஞ்ச தூரம்தான் தொங்கும், அதுக்குக் கீழ வெட்டுனா சுவருக்கு தொட ஒண்ணும் கெடையாது, அதான் உனக்கு வெட்டவெளில தொங்குற மாதிரி தெரிஞ்சிருக்கு. நுனில சுருளா இருக்குன்னியே, அது மீசென்டரி இழை, சாப்பாட்ட செரிக்கிறது அதுதான். வயிறுன்னு தனியா கெடையாது, வாயும் கழிவு வாசலும் ஒண்ணேதான்.

கிளை விட்ட மாதிரி இருக்கறது ரிட்ராக்டர் தசை. மேல இருந்து கீழ ஓடுற தசை அது, இழுத்தா கையெல்லாம் உள்ள போயிடும். வெட்டுல பாத்தா இறகு மாதிரி தெரியும். சுவரோட ஒரு மூஞ்சில மட்டும்தான் இருக்கும்.

இப்ப திசைய கவனி. தொண்டை வட்டமா இருக்காது, தட்டையா ஒரு கீத்து மாதிரி இருக்கும். அந்தக் கீத்தோட ரெண்டு கோடிக்கும் ஒவ்வொரு ஜோடி சுவர். டைரக்டிவ்னு பேரு. அந்த ஜோடில மட்டும் தசை ஒண்ணுக்கொண்ணு மூஞ்சி குடுக்காது, புருஷன் பொண்டாட்டி சண்ட போட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்த மாதிரி இருக்கும். சாதாரண அனிமோன்ல மத்த ஜோடி எல்லாம் எதிரும் புதிருமா மூஞ்சி பாத்துக்கும். உன் எட்வர்ட்சியால டைரக்டிவ் ரெண்டு ஜோடி, அது 4 ஆச்சா, பக்கவாட்டுல மிச்சம் 4 பெரிய சுவர் நிக்குது, அது நாலோட தசையும் ஒரே கோடிய பாக்கும், வயித்துப் பக்கம்னு நாங்க சொல்ற கோடி. ஸ்லைட திரும்ப வெச்சு ஒவ்வொரு சுவருக்கும் அம்புக்குறி போட்டு வரைமா. ஆக்டோகொரேலியாவா இருந்தா எட்டு தசையும் ஒரே கோடிய பாக்கும், வயித்துக் கோடில இருக்குற ஜோடி ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு இருக்கும். சத்துவாச்சாரி தம்பிக்கும் இதுதான் பதில்.

இன்னொரு சேதி, எனக்கு இந்த குடும்பத்து மேல ஒரு தனி ஆச வர வெச்சதே இதுதான். நெறைய அனிமோன் குஞ்சுப் பருவத்துல வளரும்போது முதல்ல 8 சுவர்தான் வரும், கொஞ்சம் அங்கயே நின்னுட்டு அப்புறம் 12 ஆகும். அந்த 8 சுவர் கட்டத்துக்கு எட்வர்ட்சியா நிலைன்னே பேரு வெச்சிட்டாங்க. அதனால அந்தக் காலத்துல எல்லா அனிமோனுக்கும் மூதாதை எட்வர்ட்சியா மாதிரிதான் இருந்திருக்கும்னு பெரிய பெரிய ஆளுங்க எழுதுனாங்க. எட்வர்ட்சியாங்கற பேரு 1842ல காத்ருஃபாஜ்னு பிரெஞ்சுக்காரர் வெச்சது, ஆன்றி மில்ன் எட்வர்ட்ஸ்ங்கற விலங்கியலாளர் ஞாபகமா.

அத்தினேரியா பத்தி கேட்ட. 1949ல கார்ல்கிரென்னு ஸ்வீடன் நாட்டு ஆளு உலகத்து அனிமோன் மொத்தத்தையும் அடுக்கி ஒரு தொகுப்பு போட்டாரு. அதுல அடித்தட்டுத் தசை இருக்கறதெல்லாம் தினேரியா, இல்லாம புழு மாதிரி பொதைஞ்சு வாழுறதெல்லாம் அத்தினேரியா. நான் படிச்சதும் அதான், சொல்லிக் குடுத்ததும் அதான். இப்ப எப்படின்னு ஆற்காட்டுப் பிள்ளை சொல்லட்டும்.

ஆற்காடு_டு_கடல்:

ஐயா வணக்கம். நீங்க சொன்ன சாத்துக்குடிய நான் இனிமே கடன் வாங்கிக்கிறேன், ஜூனியர்ஸுக்கு சொல்ல.

அத்தினேரியா இப்ப இல்ல. டிஎன்ஏ பாக்க ஆரம்பிச்சதும் அது ஒரே வம்சம் இல்லைன்னு தெரிஞ்சு போச்சு. பாதம் இல்லாததும் நீள உடம்பும் சொந்தத்தால வந்த ஒத்துமை இல்ல, சேத்துல வாழ்ந்ததால வந்தது. மண்ணுக்குள்ள போற பழக்கம் அனிமோன்ல பல தடவ தனித்தனியா வந்திருக்கு, வந்தப்பல்லாம் உடம்பு இதே மாதிரி நீண்டு, பாதம் போய், அடி உருண்டையாயிடுச்சு. மண்புழுவும் மண்ணுக்குள்ள வாழுற குருட்டுப் பாம்பும் பாக்க ஒரே மாதிரி இருந்தா சொந்தம்னு ஆயிடுமா, அது மாதிரிதான். கார்ல்கிரென்னோட உழைப்ப யாரும் கொறைக்க முடியாது, இன்னைக்கும் குடும்பத்துக்கு வெளக்கம் வேணும்னா அவர தொறந்துதான் பாக்குறோம், ஆனா அந்தப் பெரிய அடுக்கு நிக்கல.

2014ல எஸ்டெஃபானியா ரோட்ரிகஸும் அவங்களோட வேலை செஞ்சவங்களும் சேந்து புதுசா அடுக்குனாங்க. ஆக்டினியேரியா, அதாவது நிஜ அனிமோன் வரிசைய, ரெண்டா பிரிச்சாங்க, அனென்தெமோனே, என்தெமோனே. நாம படத்துல பாக்குற, அக்வாரியத்துல பாக்குற அனிமோன் எல்லாமே என்தெமோனே. அனென்தெமோனேல ரெண்டே சூப்பர் குடும்பம், ஒண்ணு ஆழ்கடல்ல வாழுற ஆக்டினெர்நாய்டியா, இன்னொண்ணு நம்ம எட்வர்ட்சியாய்டியா. பாக்கறதுக்கு ரெண்டும் துளிகூட ஒத்துப்போகாது. ஒண்ணு குண்டா பூ மாதிரி விரிஞ்சு கெடக்கும், ஒண்ணு புழு. ரெண்டுக்கும் பொதுவா இருக்கறது சுவர் சேர்ற விதம் சாதாரணமா இல்லாம வேற மாதிரி இருக்கறதுதான். சாதாரண அனிமோன் முதல் 12க்கு அப்புறம் புதுச் சுவர, ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் இடைல இருக்குற அறைல ஜோடி ஜோடியா வளக்கும். இவங்க ரெண்டு பேரும் அந்த வழக்கத்துல இல்ல. அப்ப ஐயா சொன்ன பழைய ஆளுங்க, எட்வர்ட்சியாவுக்கு அனிமோன் குடும்ப மரத்துல தனி எடம்னு மோப்பம் பிடிச்சது வீண் போகல, ஆனா அதுதான் மூதாதைன்னு சொல்ல முடியாது, சீக்கிரமா பிரிஞ்சு போன கிளைன்னு சொல்லலாம்.

சிஸ்டர், உங்க ஸ்கேப்பஸ் தோல ஹை பவர்ல பாருங்க. எட்வர்ட்சியான்னா மீசோகிளியா, அதாவது உடம்புச் சுவரோட நடுவுல இருக்குற ஜெல்லி அடுக்கு, அதுக்குள்ள சின்னச் சின்ன பை பொதைஞ்சிருக்கும், உள்ள நீளமான கொட்டுற செல்லு அடைச்சு வெச்சிருக்கும். நெமதைபோம்னு பேரு. இது இருக்கா இல்லையாங்கறத வெச்சுதான் ஜீனஸ் பிரியும். பை இருந்து ஃபைசாவும் இருந்தா எட்வர்ட்சியா. பை இருந்து ஃபைசா இல்லைன்னா ஸ்கோலாந்தஸ். பையே இல்லைன்னா எட்வர்ட்சியெல்லா, நெமட்டோஸ்டெல்லா பக்கம் போகணும்.

அந்த எட்வர்ட்சியெல்லாவுல ரெண்டு கதை இருக்கு, சொல்லாம இருக்க முடியல. எட்வர்ட்சியெல்லா லீனியேட்டான்னு ஒண்ணு, குஞ்சா இருக்கும்போது சீப்பு ஜெல்லி உடம்புக்குள்ள பூந்து ஒட்டுண்ணியா அதோட சாப்பாட்டுல வளந்து அப்புறம் வெளிய வந்து தனியா வாழும். இன்னொண்ணு அண்டார்டிகால. 2010 டிசம்பர்ல ராஸ் பனித்தட்டுல 200 மீட்டருக்கும் மேல தடிமன் இருக்குற பனில ஓட்ட போட்டு ஒரு ரோபோ கேமராவ எறக்குனாங்க, பனியோட அடிப்பக்கத்துல தலகீழா ஆயிரக்கணக்குல அனிமோன் பொதைஞ்சு தொங்கிக்கிட்டு கை மட்டும் கீழ நீட்டிக்கிட்டு இருந்துச்சு. 2013ல எட்வர்ட்சியெல்லா ஆண்ட்ரில்லேன்னு பேரு வெச்சாங்க. பனிக்குள்ள வாழுற அனிமோன் அதுக்கு முன்னாடி யாரும் பாத்ததில்ல. உங்க டிபன் டப்பால சேத்துக்குள்ள எறங்குச்சே, அதே குடும்பம்.

நெமட்டோஸ்டெல்லா வெக்டென்சிஸ் இன்னைக்கு உலகம் பூரா லேப்ல வளக்குறாங்க. ஸ்டீபன்சன் 1935ல இங்கிலாந்து வைட் தீவுல இருந்து பேரு வெச்சது, 2007ல அதோட முழு ஜீனோம் வந்துச்சு, பாத்தா ஈயோட, உருளைப்புழுவோட ஒப்பிடும்போது ஜீன் அமைப்புல மனுஷனோட நெறைய ஒத்துப்போகுது. அதுக்குள்ள வயித்துக் குழில சின்னச் சின்ன பந்து மெதக்கும், நெமட்டோசோம்னு பேரு, வேற எந்த அனிமோன்லயும் கெடையாது.

அப்புறம் நம்ம ஊரு பெருமை ஒண்ணு. எட்வர்ட்சியா ஜோன்சியைன்னு ஒரு இனம், 1969ல சேஷய்யாவும் கட்ரெஸும் சேந்து பேரு வெச்சது. எங்க கெடச்சதுன்னு நெனைக்கிறீங்க? போர்ட்டோநோவோ, அதாவது உங்க பரங்கிப்பேட்டை. அங்க இருக்குற அண்ணாமலை யுனிவர்சிட்டி கடல் உயிரியல் மையத்த ஆரம்பிச்சவரே அந்த சேஷய்யாதான். உங்களுது அதேதான்னு போஸ்ட படிச்சிட்டு சொல்ல மாட்டேன், கொட்டுற செல்ல அளந்து பாக்காம இந்த குடும்பத்துல இனம் சொல்லவே கூடாது. ஆனா முதல்ல ஒப்பிட்டுப் பாக்க வேண்டியது அதுதான்.

ராணிப்பேட்டை_மீன்தொட்டி:

இன்னா பா இது, நானும் மூணு வருஷமா அனிமோன் வெச்சிகினு கீறேன், உள்ள இத்தினி சமாச்சாரம் கீதுன்னு இன்னைக்குதான் தெரியுது. என்னுது குமிழ் நுனி அனிமோன், கொளத்தூர்ல இருந்து வாங்கினு வந்தது, க்ளவுன் மீன் ஜோடி அதுலதான் குடி இருக்குது. மொத தபா வாங்குனது செத்துப் போச்சு, கல்லுல இருந்து புடுங்கும்போது அடில கிழிஞ்சிடுச்சு, அத்த நெனச்சா இன்னும் கஷ்டமா கீது. கடைல அவசரத்துல இழுத்தாங்க, நானும் தெரியாம நின்னுட்டேன். இந்த சேத்து அனிமோனுக்கு பாதமே இல்லன்றீங்க, அப்ப அது கிழியற பயம் இல்லையா? இத்தயும் தொட்டில வெக்கலாமா, க்ளவுன் மீன் போகுமா?

ஆற்காடு_டு_கடல்:

அண்ணா உங்களுது என்டாக்மேயா குவாட்ரிகலர், என்தெமோனே பக்கம், ஆக்டினியாய்டியா சூப்பர் குடும்பம். அதுக்கு பாதத்துல வட்டமா தட்டு, அதுக்கு மேல அடித்தட்டுத் தசை, அதாலதான் கல்ல அப்படி கவ்விக்கும். இழுத்தா கவ்வுன எடம் கிழியும், கிழிஞ்ச எடத்துல அழுகல் புடிச்சா காப்பாத்துறது கஷ்டம். கல்லோடயே வாங்கறதுதான் நல்லது, இல்லைன்னா ஓரத்துல இருந்து நகத்தால கொஞ்சம் கொஞ்சமா கெளப்பி அதுவா விடுற வரைக்கும் காத்திருக்கணும்.

க்ளவுன் மீன் இதுக்குப் போகாது. உலகத்துல ஆயிரத்துக்கும் மேல அனிமோன் இனம் இருக்கு, க்ளவுன் மீனுக்கு எடம் குடுக்கறதா வழக்கமா பட்டியல் போடுறது அதுல 10தான், உங்களுது அதுல ஒண்ணு, பெரிய தரை விரிப்பு மாதிரி இருக்குற ஸ்டைக்கோடாக்டைலா மூணு இனமும் அதுல சேத்தி. சேத்து அனிமோன் கை ஊசி நூல் மாதிரி, மீன் எங்க போய் ஒளியும். தொட்டிலயும் வேணாம் அண்ணா, அது வேணுங்கறது சேறு, நீங்க குடுக்கறது வெளிச்சமும் கல்லும்.

இன்னொரு வித்தியாசம், உங்க அனிமோன தொட்டா வாய மூடிக்கும்ல? உடம்போட மேல் விளிம்புல வட்டமா ஒரு தசை இருக்கு, பாட்டி சுருக்குப்பைல நாடா இழுப்பாங்களே, அந்த மாதிரி இழுத்து மூடும். எட்வர்ட்சியிடே குடும்பத்துல அந்த நாடாவே கெடையாது. அதுக்குத் தேவையும் இல்ல, மொத்த தலையையும் உள்ள இழுத்துக்கிட்டு சேத்துக்குள்ள போயிடும்.

காட்பாடி_நத்தை சிஸ்டர், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அடுத்த தடவ போகும்போது நேரா ஃபார்மலின்ல போடாதீங்க, பயந்து சுருங்கிடும், அப்புறம் மேல் பாகம் உள்ள போனது வெளிய வரவே வராது. முதல்ல விரிய விடுங்க, விரிஞ்சதும் 7 சதவீதம் மெக்னீசியம் குளோரைடு கரைசல கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க, இல்லைன்னா மென்தால் துண்டு ரெண்டு மெதக்க விடுங்க, மயங்குனதும் தொட்டுப் பாத்து அசையலைன்னா ஃபார்மலின். ஒண்ண மட்டும் டிஎன்ஏவுக்காக தனியா எத்தனால்ல. ஃபார்மலின்ல போனதுல டிஎன்ஏ எடுக்கறது பெரிய போராட்டம்.

காட்பாடி_நத்தை:

ஒரு வாரம் ஆச்சு, லேட்டா வர்றதுக்கு மன்னிச்சுக்கோங்க எல்லாரும். மைக்ரோடோம் வேற ஒரு பேட்ச் வெச்சிருந்தாங்க, வெள்ளிக்கிழமதான் கெடச்சுது.

அண்ணா சொன்ன மாதிரியே ஆயிடுச்சு, ரெண்டாவது அனிமோனுக்கு மேல் பாகம் உள்ள மடிஞ்சு போயிருந்துச்சு, முதல் முப்பது நாப்பது ஸ்லைஸ்ல ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு வளையம் தெரிஞ்சு ஒண்ணுமே புரியல. அழுகையே வந்துடுச்சு. மூணாவதுதான் பாதி விரிஞ்ச மாதிரி இருந்துச்சு, கடைசின்னு பயந்து பயந்து வெட்டுனேன். கைங்களுக்கு நேர் கீழ 5 ஸ்லைஸ்ல மட்டும் தெரியுது, பெரிய சுவர் 8, அதுங்களுக்கு நடுவுல தோலுல இருந்து சின்னதா பல்லு மொளைச்ச மாதிரி 8. அதுல தசையும் இல்ல இழையும் இல்ல. கீழ போகப் போக ஒண்ணொண்ணா காணாம போகுது, அப்புறம் வெறும் 8.

ஐயா சொன்ன அம்புக்குறியும் போட்டேன். ரெண்டு கோடிலயும் முதுகு காட்டிக்கிட்டு ஒவ்வொரு ஜோடி, பக்கவாட்டு நாலும் ஒரே பக்கம் பாக்குது. தொண்டை கீத்தும் தெரியுது ஐயா, நீங்க சொன்னது அப்படியே.

ரெக்கார்டுல அடிச்ச மேடம்கிட்ட ரெண்டு ஸ்லைடையும் எடுத்துட்டுப் போய் காட்டுனேன், மேல வெட்டுனது ஒண்ணு, நடுவுல வெட்டுனது ஒண்ணு. ரொம்ப நேரம் மைக்ராஸ்கோப்புலயே இருந்தாங்க. நிமிந்து இது எந்த எடத்துல எடுத்ததுன்னு கேட்டாங்க, சொன்னேன். அந்த ஸ்லைடுங்கள டிபார்ட்மென்ட் பெட்டில வெக்கணும், லேபிள் எழுதுன்னாங்க. ரெக்கார்டையும் திரும்ப எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க. லேபிள்ல இப்போதைக்கு எட்வர்ட்சியிடே, வெள்ளாறு முகத்துவாரம், பரங்கிப்பேட்டைன்னு மட்டும் எழுதியிருக்கேன்.

நெமதைபோம் இருக்கு அண்ணா! தோலுக்குள்ள குட்டிக் குட்டி பை, உள்ள அரிசி அடுக்குன மாதிரி. ஃபைசாவுல இல்ல, ஸ்கேப்பஸ்ல மட்டும். அப்ப எட்வர்ட்சியா ஜீனஸ்னு எழுதிக்கலாமா? செல்லு அளக்கணும்னா 100 பவர் லென்ஸுக்கு இமெர்ஷன் ஆயில் வேணும், லேப்ல தீந்து போச்சு, திங்கக்கிழம வரும்னு சொல்லியிருக்காங்க. கையில இருந்து எடுக்கணுமா, பைல இருந்து எடுக்கணுமா, மீசென்டரி இழைல இருந்தும் எடுக்கணுமா? ஒவ்வொண்ணுலயும் எத்தினி செல்லு அளந்தா போதும்?

ஆற்காடு_டு_கடல்:

எழுதிக்கோங்க, எட்வர்ட்சியாதான். மூணு எடத்துலயும் எடுக்கணும், தொண்டைலயும் சேத்து எடுங்க, அப்ப நாலு. ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு வகை செல்லுக்கும் 20ஆவது அளந்துடுங்க, நீளமும் அகலமும் ரெண்டும், பெருசா பாத்துப் பொறுக்காம கண்ணுல படுற வரிசைல அளக்கணும், அதுல ஏமாந்துதான் நான் ஆறு மாசம் திரும்ப வேலை செஞ்சேன். நடுவுல வெட்டுன அந்த முதல் ஸ்லைட தூக்கிப் போட்டுடாதீங்க, இனப்பெருக்க உறுப்பு அதுலதான் தெரியும், ஆணா பொண்ணான்னு பாத்து சொல்லுங்க.

குடியாத்தம்_வாத்தியார்:

லேபிள்ல தேதியும் எடுத்தவங்க பேரும் எழுது கண்ணு. பென்சில்ல எழுது, பேனா வேணாம், ஸ்பிரிட் பட்டா பேனா இங்க் கரைஞ்சிடும்.

காட்பாடி_நத்தை:

சரிங்க ஐயா, பென்சில்லயே எழுதிடறேன். பேரும்தான்.